ஒரு வெள்ளி எங்கே போனது?

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். பினாங்கு, பாயான் பாருவில் இருக்கிறேன். வயது 31. சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறு நிறுவனத்தில் ஏழு ஆண்டுகளாக நிரலாளர். துப்புரவு ஒப்பந்தக்காரர்கள், பாதுகாவலர் நிறுவனங்கள், சில தொழிற்சாலைகள் எங்கள் வாடிக்கையாளர்கள். 2023 ஆகஸ்ட் 23, நம் நேரப்படி இரவு 8.34க்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து என் வேலை எனக்குக் கசக்கிறது. இந்தியா அடுத்து வெள்ளிக்குக் கலம் அனுப்பப்போகிறது. நானோ, ஒரு துப்புரவுத் தொழிலாளியின் சேமநிதிக் கணக்கில் ஒரு வெள்ளி எங்கே போனது என்று மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு நிபோங் திபாலில் விண்வெளிப் பொறியியல் மேற்படிப்பில் சேரலாமா? வீட்டுக் கடன் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் மைக்ரோஸ்கோப் பார்த்த அம்மா, "உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்" என்கிறார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

பெயர் வேண்டாம், பாயான் பாரு

பதில்:

தம்பி, வெள்ளிக்குப் போகிறவர்களையும் வெள்ளியைத் தேடுகிறவரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். வேண்டுமென்றே எழுதினீர்களோ, தானாக வந்து விழுந்ததோ, ரிங்கிட்டை வெள்ளி என்று சொல்கிற நம் பக்கத்துத் தமிழில்தான் இந்தக் குறும்பு பலிக்கும். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன், சிரிப்பு வரவில்லை.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்வெளித் துறைக்குப் போய் என்ன வேலை செய்ய ஆசை என்று ஒரு வரிகூட இல்லை. சுற்றுப்பாதை கணக்கிடுவதா, ஆன்டெனாவைக் கட்டுப்படுத்துவதா, படங்களைச் சீராக்குவதா, ஒன்றும் இல்லை. இப்போதைய வேலை கசக்கிறது என்பது மட்டும் வெவ்வேறு சொற்களில் வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிரல் எழுதியும், பிறர் எழுதியதைச் சோதித்தும், ஆட்களை வேலைக்கு எடுத்தும் பழகிய கண்ணுக்கு இது உடனே தென்படும். விண்வெளி மீது ஆசை ஒன்று. செய்கிற வேலையைச் சொல்ல வெட்கம் இன்னொன்று. இரண்டும் ஒரே முடிச்சில் கிடக்கின்றன. ஆசைக்கு வழி தேடலாம். வெட்கம் அப்படியில்லை, நிபோங் திபாலுக்கும் கூடவே பஸ் ஏறி வரும்.

அன்றிரவு நீங்களும் அம்மாவும் பார்த்தது கடைசிப் பத்தொன்பது நிமிடங்களை. அதற்கு முன்னால் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் நிலவின் தரையில் மோதி நொறுங்கியது. காரணம் என்ன என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோம்நாத் 2023இல் வெளிப்படையாகச் சொன்னார். ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக உந்தின. அந்தச் சிறுசிறு வேறுபாடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது. எவ்வளவு வேகமாகத் திரும்பலாம் என்பதற்கு மென்பொருளில் ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். இறங்கவேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர். அடுத்த முறை அந்த இடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள், வரம்புகளைத் தளர்த்தினார்கள், "எது எது தவறும்" என்று பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் கலத்தைத் தயார்செய்தார்கள். நிலவின் மண்ணுக்கு ஈடாக நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலை பக்கத்துப் பாறையைப் பொடித்து, அதன்மேல் சோதனை நடத்தினார்கள். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்பதில் நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளில் பெரும்பாலான நாட்களில் பெரும்பாலானவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? எங்கோ ஓர் எண் கொஞ்சம் இடிக்கிறது, அது ஏன் என்று தேடியிருப்பார்கள். மூன்று நாள் தேடினோம் என்று யாரும் தொலைக்காட்சியில் சொல்லமாட்டார்கள்.

"ஆகவே எல்லா வேலையும் ஒன்றுதான், மனதைத் தேற்றிக்கொள்" என்று சொல்ல வரவில்லை. அந்தத் தாலாட்டு எனக்கும் பிடிக்காது.

வொயேஜர்-1 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் ஒரு பித்து உண்டு. 1977இல் புறப்பட்ட நாசா விண்கலம். 2023 நவம்பரில் திடீரென்று பொருளற்ற தகவலை அனுப்பத் தொடங்கியது. அப்போது பூமியிலிருந்து ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணிநேரம், பதில் வர இன்னொரு இருபத்திரண்டரை. திங்கள் காலை ஒரு கேள்வி கேட்டால் புதன் காலைதான் பதில். நீங்கள் ஒரு வரியை மாற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாற்றுகிற சௌகரியம் அங்கே கிடையாது.

அந்தக் கலத்தை வடிவமைத்தவர்களில் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள், பலர் மறைந்துவிட்டார்கள். இப்போது இருப்பவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களை எடுத்துப் படித்தார்கள். 2024 மார்ச்சில் நினைவகம் முழுவதையும் திருப்பி அனுப்பவைத்து, பழைய பதிவோடு ஒப்பிட்டார்கள். தகவல்களைக் கட்டி அனுப்பும் கணினியில் நினைவகத்தின் மூன்று விழுக்காடு கெட்டிருந்தது. ஒரு சில்லு செத்துவிட்டது. அதில் இருந்த நிரலை வேறிடத்துக்கு நகர்த்தலாமென்றால், முழுவதையும் வைக்கும் அளவுக்கு எங்கும் ஒரே இடமாக இல்லை. துண்டுதுண்டாகப் பிரித்துக் கிடைத்த மூலைகளில் செருகினார்கள். ஒரு துண்டு இன்னொன்றைக் கூப்பிடும் இடங்களிலெல்லாம் முகவரியை மாற்றி எழுதினார்கள். ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். 20ஆம் தேதி கலம் சரியாகப் பேசியது.

இதில் எனக்குப் பிடித்த இடம் கலம் பேசிய நேரமல்ல. 1970களில் யாரோ ஒருவர், தன் வேலை நேரம் முடிந்தபின் இன்னும் அரைமணி உட்கார்ந்து, "இந்தப் பகுதி இதைச் செய்கிறது" என்று தாளில் எழுதி வைத்தாரே, அந்த அரைமணி. எழுதியபோது அவருக்கு அது வெறும் தாள் வேலையாகத்தான் இருந்திருக்கும்.

இப்போது என் கதை. 1993. கோலாலம்பூரில், தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் நான் இளநிலை நிரலாளர். கோபால் (COBOL) என்ற பழைய நிரல் மொழி, பச்சை எழுத்துத் திரை. நிரலைப் படித்துக்கொண்டே போனபோது ஓரிடத்தில் தொழிலாளர் பட்டியலை எண் வரிசைப்படி அடுக்கிவிட்டு, அச்சடிப்பதற்கு முன்னால் மறுபடியும் வேறு ஏதோ ஒரு வரிசையில் அடுக்குவதைக் கண்டேன். வீண் வேலை என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன். அச்சு சீக்கிரம் முடிந்தது, மேலாளர் பாராட்டவும் செய்தார்.

சம்பள நாளன்று மாலை தொலைபேசி வந்தது. தோட்டத்தில் அப்போதும் ரொக்கச் சம்பளம். உறையில் பணத்தை எண்ணிப் போட்டு, மேலே சம்பளச் சீட்டைக் குத்திக் கொடுப்பார்கள். காலையில் பிரட்டில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும்போது, மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் பெயர் கூப்பிடும் வரிசை ஒன்று உண்டு. உறைகள் அந்த வரிசையில் எண்ணப்படும், ஆட்களும் அந்த வரிசையில்தான் வந்து நிற்பார்கள். என் சீட்டுகள் எண் வரிசையில் வந்திருந்தன. தோட்டத்து எழுத்தரான கிராணி அதைக் கவனிக்காமல் மேலிருந்து ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே போயிருக்கிறார். பாதி உறைகளைக் கொடுத்த பிறகு ஓர் அம்மாள், "ஐயா, இதில் என் பெயர் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். எல்லா உறையையும் திரும்ப வாங்கி, பிரித்து, எண்ணி முடிக்க இரவு பத்தரை.

மறுநாள் மேலாளர் என்னை அங்கே அழைத்துப்போனார். யாரும் திட்டவில்லை. கிராணியின் மேசையில் பிரித்துப்போட்ட உறைகள் ஒரு குவியலாகக் கிடந்தன. குத்திய கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கி அவர் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தார். அன்றிரவு பிள்ளைகளைத் தூங்கவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கோடு வந்து நின்றவர்களைப் பற்றி அவர்தான் சொன்னார். திரும்பி வந்து அந்தப் பகுதியை மறுபடி சேர்த்தேன். மேலே ஒரு குறிப்பும் எழுதினேன்: "இதை நீக்க வேண்டாம். சம்பள நாளில் ஆட்கள் எண் வரிசையில் நிற்பதில்லை." பிற்காலத்தில் நான் எழுதிய எத்தனையோ ஆயிரம் வரிகளில் என்னவென்று நினைவில் நிற்பது அந்தக் குறிப்பு ஒன்றுதான். எனக்கு முன்னால் அந்தப் பகுதியை எழுதியவர் இரண்டு வரி எழுதிவைத்திருந்தால், கிராணியின் விரல் பிழைத்திருக்கும்.

விண்கலக்காரர்களிடம் நாம் எதைப் பார்த்து வாய்பிளக்கிறோமோ அது தூரம் மட்டுமல்ல. "இனிமேல் நான் கை வைக்க முடியாது, என்னைத் தெரியாத ஒருவர் இதை நம்பி இருக்கப்போகிறார்" என்ற நினைப்போடு வேலை செய்கிறார்களே, அதுவும்தான். அந்த நினைப்பைப் பாயான் பாருவிலும் கைக்கொள்ளலாம். உங்கள் வாடிக்கையாளரின் துப்புரவுத் தொழிலாளிக்கு நீங்கள் யாரென்றே தெரியாது. சீட்டில் இருக்கும் எண்ணை அவர் சரிபார்க்கவும் மாட்டார். வொயேஜரைவிட அவர் உங்களுக்குத் தூரமானவர் என்றுகூடச் சொல்வேன். அதுவாவது பதில் அனுப்புகிறது.

ஆனால் கவனமாகச் செய்தால் எந்த வேலைக்கும் பொருள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்னொரு நிறுவனத்தில் இருந்தபோது, தொழிலாளர்கள் கழிவறைக்குப் போய்வரும் நிமிடங்களைக் கூட்டிச் சம்பளத்தில் கழிக்கும் ஒரு பகுதியை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். மிகவும் கவனமாக, ஒரு பிழையும் இல்லாமல் எழுதினேன். என் கவனம் அங்கே தீங்கைத்தான் கூர்மையாக்கியது. எட்டு மாதத்தில் வெளியேறினேன். முதல் வாரமே வெளியேறியிருக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அப்படி ஏதாவது எழுதச் சொல்கிறார்களா? சொன்னால், இந்தப் பதிலின் மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு வேறு வேலை தேடுங்கள்; விண்வெளியாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை.

இனி ஆசைக்கு வருவோம். கதவுகள் எப்படி இருக்கின்றன என்பதை மறைக்காமல் சொல்வதே நல்லது. இஸ்ரோவில் சேர இந்தியக் குடியுரிமை வேண்டும். அமெரிக்காவில் ராக்கெட், செயற்கைக்கோள் நுட்பங்கள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்குள் வருவதால், பெரும்பாலான வேலைகள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். நம் நாட்டிலோ வாய்ப்புகள் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. 2009 ஜூலையில் ஸ்பேஸ்எக்ஸ் முதன்முதலாக ஒரு வாடிக்கையாளரின் செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்ததே, அது நம் ரசாக்சாட். செயற்கைக்கோளைக் கட்டும் வேலையைவிட, அது அனுப்பும் படத்தைப் படித்துப் பயன்படுத்தும் வேலைதான் இங்கே உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

வேலையை விடாமல் ஆறு சனிக்கிழமைகளை மட்டும் எனக்குக் கொடுங்கள். ஐரோப்பியரின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ரேடார் என்பதால் மேகத்தை ஊடுருவும், இரவிலும் பார்க்கும். நம் ஊர் வானத்துக்கு அதுதான் ஏற்றது. வெள்ளம் சூழ்ந்த நகரத்தை முதலில் எடுக்காதீர்கள். கட்டடங்களில் அலை பட்டுத் திரும்புவதால் தலை சுற்றிவிடும். பக்கத்தில் கெடாவின் மூடா வயல்வெளி இருக்கிறது. நடவுக்குத் தண்ணீர் விடும்போது வயல் கறுப்பாகத் தெரியும், பயிர் வளர வளர வெளுக்கும். ஒரு பருவத்துப் படங்களை எடுத்து, எந்தப் பகுதிக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று நீங்களே ஒரு வரைபடம் செய்யுங்கள். ஒரு படமே ஒரு கிகாபைட் அளவுக்கு இருக்கும். மணலைத் தூவியதுபோல் எங்கும் புள்ளிகள். அதை நீக்குவதற்கே இரண்டு சனிக்கிழமை போய்விடும்.

மூன்றாவது சனிக்கிழமை காலை உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். புள்ளிகளோடு மல்லுக்கட்டும் ஆவலில் பசி மறந்தால், நிபோங் திபாலுக்குப் போய் விண்வெளிப் பொறியியல் பள்ளியின் விரிவுரையாளர் ஒருவரைப் பாருங்கள். கையில் அந்த வரைபடம் இருக்கட்டும். வேலை பார்த்துக்கொண்டே படிக்க என்ன வழி என்று கேளுங்கள். வீட்டுக் கடன் இருக்கும்போது சம்பளத்தை விடச் சொல்லி நான் எழுதமாட்டேன். எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்தால், உங்களுக்குப் பிடித்தது விண்வெளியின் காட்சி, வேலையல்ல. அதில் குறைவொன்றும் இல்லை. எனக்குக் கர்நாடக இசை பிடிக்கும். கச்சேரி செய்ய வராது.

வயல் பிடிக்கவில்லை, கலத்துக்குள்ளேயே இருக்கவேண்டும் என்றால் இன்னொரு வழி. செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி என்ற சிறிய ஹெலிகாப்டரை இயக்கிய எஃப் பிரைம் என்ற மென்பொருள் அடித்தளத்தை நாசா எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. உங்கள் மடிக்கணினியிலேயே ஓடும். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பிய அந்த ஹெலிகாப்டர் 2024 ஜனவரிக்குள் 72 முறை பறந்தது. அதில் இருந்த மென்பொருளில் கணிசமான பகுதி விண்வெளிக்கென்று எழுதப்பட்டதே அல்ல. லினக்ஸ் இயங்குதளமும், யார் யாரோ எதெதற்கோ எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்ட திறந்த மூலத் தொகுப்புகளும். 2021 ஏப்ரலில் அது முதன்முறை பறந்த பிறகு, அந்தத் தொகுப்புகளுக்குப் பங்களித்த ஏறத்தாழ 12,000 பேரின் கணக்குகளில், நிரல்களைப் பகிரும் இணையதளமான கிட்ஹப் ஒரு சிறு பதக்கத்தைச் சேர்த்தது. தங்கள் வரிகள் செவ்வாய்க்குப் போனது பலருக்கு அன்றுதான் தெரியும். அவர்களில் யாராவது அந்த வாரம் சம்பளக் கணக்கில் ஒரு டாலரைத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம்.

கடைசியாக அம்மா. அவர் சொன்னது பயமாக இருக்கிறது என்கிறீர்கள். 22 ஆண்டுகள் மைக்ரோஸ்கோப் பார்த்தார் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். அங்கே என்ன பார்த்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லின் ஓரத்தில் ஒட்டும் வேலையாக இருந்திருக்கலாம்; பாயான் லெப்பாஸில் அந்த வேலையில்தான் நம் பெண்கள் பலர் கண்ணைத் தேய்த்தார்கள். அப்பல்லோ கலத்தின் கணினிக்கான நிரலை மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரத் தொழிற்சாலையில் பெண்கள் கையால் நெய்தார்கள். சிறு காந்த வளையத்துக்குள் கம்பி போனால் 1, வெளியே போனால் 0. நெய்து முடித்தபின் திருத்த வழியில்லை. நிலவில் மனிதர் இறங்கியது அந்தத் தறியை நம்பித்தான். அன்றிரவு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா கண் கலங்கியது எதற்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதும், அவர் நினைத்ததும் ஒன்றுதானா என்று எனக்குச் சந்தேகம். கேட்டு எழுதுங்கள்.

அப்புறம் அந்த ஒரு வெள்ளி. உங்கள் நிரல் சம்பளத்தை நேரடியாக 11 விழுக்காட்டால் பெருக்குகிறதா என்று பாருங்கள். சேமநிதிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அப்படிப் போவதில்லை. 1,710 வெள்ளிச் சம்பளத்தைப் பெருக்கினால் 188 வெள்ளி 10 காசு வரும். அட்டவணையில் அந்தச் சம்பளம் 1,720 வரையிலான படியில் விழுகிறது. அங்கே தொழிலாளியின் பங்கு 190. படிக்குப் படி இந்த வித்தியாசம் மாறும், அதனால்தான் சிலருக்கு மட்டும் இடிக்கும். முதலாளியின் பங்கையும் அதே கையோடு பாருங்கள், அங்கேயும் இதே பிழை இருக்க வாய்ப்புண்டு. திருத்தியபின் மேலே இரண்டு வரிக் குறிப்பு எழுத மறக்காதீர்கள். ஏற்கனவே குறைவாகப் போன மாதங்களுக்கான பாக்கியையும் கணக்கிட்டு, வாடிக்கையாளரிடம் கொடுக்கச் சொல்லி உங்கள் மேலாளரைக் கேளுங்கள். முகம் சுளிப்பார், கேளுங்கள்.